காக்கைக் கூட்டில் குயில் குஞ்சு: எப்படி உறுதி செய்வது, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

கேள்வி: பள்ளத்தூர் வளவு

வணக்கம். பின்கட்டுக் கிணற்றடி வேம்பில் காக்கை கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கிறது. தரையிலிருந்து 20 அடி உயரம் இருக்கும். மாடிச் சன்னலில் நின்றால் கூட்டுக்குள் பாதி தெரிகிறது. 3 குஞ்சுகள். ஒன்றுக்கு மட்டும் உடம்பு முழுக்க இறகு மூடிவிட்டது, மற்ற இரண்டும் இன்னும் குச்சி இறகோடு கிடக்கின்றன. தாய்க்காக்கை வந்து உட்கார்ந்ததும் பெரியதுதான் முதலில் கழுத்தை நீட்டுகிறது, முதல் வாய்ச் சோறும் அதற்கே போகிறது. பங்குனி கடைசியிலிருந்தே பக்கத்து மாமரத்தில் கருங்குயில் கூவிக்கொண்டிருக்கிறது. புள்ளி போட்ட பெண் குயிலும் வந்து போகிறது.

1. பெரியது குயில் குஞ்சுதான் என்று எதை வைத்து உறுதி செய்வது?
2. அது மற்ற இரண்டையும் தள்ளிவிட்டுவிடும், இப்போதே எடுத்துவிடு என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
3. அதே வேம்பின் கிளை ஒன்று முகப்பு ஓட்டில் உரசுகிறது. ஆடிக் காற்றுக்கு முன் வெட்டச் சொல்லி ஆள் பேசியாயிற்று. நிறுத்திவைக்கவா?
4. தோட்டத்தில் தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் பின்னாலேயே கொண்டை வைத்த கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று சுற்றுகிறது. அதுவும் இதே சோலிதானா?

பதில் 1: தேவகோட்டை ரஸ்தா

எடுத்துவிடுங்கள். காக்கை பாவம். குயில் குஞ்சு கண் திறக்கும் முன்னாலேயே மற்ற முட்டைகளை முதுகில் ஏற்றி வெளியே தள்ளும் வீடியோ யூடியூபில் எவ்வளவோ கிடக்கிறது. இரண்டு உயிர் பிழைக்கும்.

பதில் 2: கண்மாய்க்கரை

தம்பி, முதலில் கிளை வெட்ட வரும் ஆளை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ரஸ்தாக்காரர் சொல்லும் வீடியோ உண்மைதான், ஆனால் அதில் இருப்பது நம் ஊர்க் குயில் அல்ல. அது ஐரோப்பாவில் நாணல் குருவி போன்ற சின்னப் பறவைகளின் கூட்டில் முட்டையிடும் வேறொரு குயில் இனம். அதன் குஞ்சு பொரிந்தவுடன் கண் மூடியபடியே முட்டையை முதுகுப் பள்ளத்தில் ஏந்தி, பின்பக்கமாகவே நகர்ந்து கூட்டின் விளிம்புக்குப் போய் வெளியே உருட்டிவிடும். அம்மைத் தடுப்பூசி கண்டுபிடித்த எட்வர்ட் ஜென்னர் இதை 1788லேயே எழுதி வைத்தார். அந்த முதுகுப் பள்ளம் 12 நாளுக்குள் தூர்ந்துபோவதையும் குறித்திருக்கிறார். அன்றைக்கு நிறையப் பேர் நம்பவில்லை. இன்றைக்கு நிலைமை தலைகீழ், எல்லாக் குயிலும் அப்படித்தான் என்று நம்புகிறார்கள்.

நம் குயில் குஞ்சு பொதுவாகக் காக்கைக் குஞ்சைத் தள்ளுவதில்லை. ஒரே கூட்டிலிருந்து காக்கைக் குஞ்சும் குயில் குஞ்சும் சேர்ந்து பறந்து போவது உண்டு. இதே குயிலின் நெருங்கிய சொந்தமான ஆஸ்திரேலியக் குயில் தள்ளுகிறது என்பதுதான் வேடிக்கை. அங்கே வளர்ப்புத் தாய்கள் காக்கையை விடச் சிறிய பறவைகள், முட்டையும் சின்னது. இங்கே காக்கை முட்டை கிட்டத்தட்ட 37 மில்லிமீட்டர் நீளம், 27 மில்லிமீட்டர் அகலம். குயில் முட்டை 31க்கு 23தான். தன்னைவிடப் பெரிய முட்டையை, குழிவான காக்கைக் கூட்டின் விளிம்பு வரை ஏற்றுவது அந்தப் பொடிக் குஞ்சால் ஆகிற காரியமில்லை என்பது ஒரு விளக்கம்.

தள்ளாவிட்டாலும் காக்கைக்கு நட்டம் உண்டு, அதை மறைக்க வேண்டாம். நட்டம் வருவது நாள்கணக்கில். காக்கை முட்டை பொரிய 16 அல்லது 17 நாள் ஆகும். குயில் முட்டைக்கு 12 முதல் 14 நாள் போதும். காக்கை முதல் முட்டை வைத்த நாளை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3ஆம் நாள் குயில் தன் முட்டையை இட்டால் அது 16ஆம் நாள் வாக்கில் பொரிந்துவிடும். காக்கையின் மூத்த குஞ்சே 17 அல்லது 18ஆம் நாள்தான் வரும், கடைசிக் குஞ்சு இன்னும் பிந்தும். முந்திப் பொரிந்த குஞ்சு ஒன்றிரண்டு நாள் தனியாகத் தின்று கொழுத்திருக்கும். பிறகு வருவது எதுவும் அதன் கழுத்து உயரத்துக்கு எட்டாது. காக்கை உயர நீளும் வாய்க்கு முதலில் ஊட்டும், சிறுசுகள் பட்டினியில் மெலிந்து போகும். நீங்கள் சன்னலில் பார்ப்பது இதைத்தான்.

இந்தக் கணக்கு தப்பினால் குயிலுக்குத்தான் ஆபத்து. காக்கை அடைகாக்கத் தொடங்கி ஒரு வாரம் கழித்துக் குயில் இட்டால், அதன் குஞ்சு கடைசியாகப் பொரிந்து காக்கைக் குஞ்சுகளின் காலடியில் கிடக்க வேண்டியதுதான். அதனால்தான் பெண் குயில் காக்கை குச்சி பொறுக்கும் காலத்திலிருந்தே மரத்தை விட்டு அகலாமல் வேவு பார்க்கிறது. கூடு முடிந்து முட்டை விழும் அந்த நாலைந்து நாள் சந்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும்.

முட்டையிடும்போது ஆணுக்கும் பங்கு உண்டு. கருங்குயில் கூட்டுக்கு அருகில் வந்து வெளிப்படையாக உட்காரும், கூவும். காக்கைகள் இரண்டும் கரைந்துகொண்டு விரட்டப் போகும். இலை மறைவில் இருக்கும் புள்ளிக் குயில் அந்த நேரம் பார்த்து உள்ளே போய்விட்டு வந்துவிடும். சில சமயம் காக்கை முட்டை ஒன்றையும் அகற்றிவிடும். ஒரே காக்கைக் கூட்டில் ஒன்றுக்கு மேல் குயில் முட்டை இருப்பதும் உண்டு. முட்டையின் நிறம் ஏறக்குறைய ஒத்துப்போகும். காக்கையுடையது வெளிர் நீலப்பச்சையில் பழுப்புத் தெறிப்பு, குயிலுடையது சற்றுச் சாம்பல் கலந்த பச்சையில் செம்பழுப்புப் புள்ளி. அளவு வித்தியாசம் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் காக்கை பொறுக்கி எறிவதில்லை. இவ்வளவு கெட்டிக்காரப் பறவை இதில் மட்டும் ஏன் கோட்டை விடுகிறது என்று கேட்டால், சந்தேகப்பட்டுத் தன் முட்டையையே தூக்கி எறிகிற தவறு இன்னும் பெரிய நட்டம் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். பாதிக்குமேல் எனக்கு அது சரியாகவே படுகிறது.

இனி எடுப்பது பற்றி. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டைக் கணக்கில் சேரும். வீட்டுக் காக்கை முன்பு தீங்குயிர் அட்டவணையில் இருந்தது. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே போய்விட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இந்த வயதில் குஞ்சை எடுத்தால் மற்ற இரண்டும் அதிர்ந்து கூட்டு விளிம்புக்கு ஏறும், பறக்கும் பருவத்துக்கு முன்பே விழும். காப்பாற்றப் போய் மூன்றையும் இழப்பீர்கள்.

கிளை வெட்டுவதை ஆவணிக்குத் தள்ளுங்கள். காக்கைக் குஞ்சு பொரிந்து பறக்க 3 முதல் 4 வாரம், குயில் குஞ்சுக்கும் ஏறத்தாழ அதே அளவு. பறந்த பிறகும் சில வாரம் அதே மரத்தில் ஊட்டல் நடக்கும். ஓட்டில் உரசுவது நுனிதான் என்றால், இப்போதைக்குக் கயிறு போட்டுக் கிளையை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டிவைக்கலாம். கூடு இருக்கும் கவட்டை அசையாதபடி கட்டுங்கள். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. நாம் ஒரு கிளையைத் தள்ளிப்போடக் கூடாதா என்ன.

பதில் 3: இரண்டாங்கட்டு ஆச்சி

கண்மாய்க்கரை தம்பி மற்றதையெல்லாம் விரிவாகச் சொல்லிவிட்டார், முதல் கேள்வியைத்தான் விட்டுவிட்டார்.

உருவம் பெரியது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதே அப்பு. காக்கை எல்லா முட்டையும் இட்டு முடியும் வரை காத்திருக்காமல் நடுவிலேயே அடைக்கு உட்கார்ந்துவிடும். அதனால் காக்கைக் குஞ்சுகளே மூத்தது, இளையது என்று ஏற்றத்தாழ்வாகத்தான் இருக்கும். குயிலே இல்லாத கூட்டிலும் ஒன்று பெரிதாக, ஒன்று நோஞ்சானாக இருப்பது வாடிக்கை.

பார்க்க வேண்டியது கால். காக்கைக்கு விரல் முன்னால் 3, பின்னால் 1. குயிலுக்கு முன்னால் 2, பின்னால் 2. குஞ்சு கூட்டு விளிம்பைப் பற்றிக்கொண்டு நிற்கும்போது மொபைலை முழுக்கப் பெரிதாக்கி ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

அடுத்தது மூக்கு. காக்கைக் குஞ்சின் அலகு அடிப்பக்கம் தடித்து, மேலே வளைந்திருக்கும். மூக்குத் துவாரத்தை முன்னோக்கிப் படிந்த முடி இறகு மூடியிருக்கும். குயில் குஞ்சுக்குத் துவாரம் வெளியே தெரியும், அலகு அவ்வளவு கனமில்லை. வளர்ந்த குயிலின் அலகு வெளிர் பச்சை என்பதால் குஞ்சுக்கும் அப்படித் தேடுவார்கள். குஞ்சின் அலகு கறுப்பு. கண்ணும் சிவப்பாக இருக்காது, அது பின்னால் வருவது. இறகும் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும், ஆண் பெண் இரண்டுக்கும். காக்கைக் கூட்டில் வளர்வதற்கு அதுதானே தோது. பெண் குஞ்சாக இருந்தால் இறக்கை ஓரத்தில் வெளுத்த புள்ளி சில எட்டிப் பார்க்கலாம். வீட்டுக் காக்கைக் குஞ்சுக்கு இறகு நன்றாக மூடிய பிறகு கழுத்தில் சாம்பல் நிறம் தெரியும். குயிலுக்கு அது கிடையாது. ஆனால் கூடு அண்டங்காக்கையுடையதாக இருந்தால் இந்த அடையாளம் உதவாது, அதன் குஞ்சு கழுத்தும் கறுப்புத்தான். அண்டங்காக்கைக் கூட்டிலும் குயில் முட்டையிடும்.

வாலைப் பார். இறகு முழுதாக வந்த பின் குயில் குஞ்சின் வால் நீண்டுகொண்டே போகும். காக்கைக் குஞ்சு மொட்டை வாலோடு நெடுநாள் இருக்கும்.

குரலை நம்பாதே. குயில் குஞ்சு கூவாது. காக்கைக் குஞ்சு மாதிரியேதான் கத்தும். கூவுவது வளர்ந்த ஆண் மட்டும். பெண் குயில் கிக் கிக் கிக் என்று படபடவென ஒரு சத்தம் போடும், அதைக் கேட்டுவிட்டு வேறு ஏதோ பறவை என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. சன்னலில் நின்று பார், கதவு பாதி சாத்தியிருக்கட்டும். மொட்டை மாடியில் கூட்டுக்கு நேராகப் போய் நிற்காதே. கம்பில் கண்ணாடி கட்டி நீட்டுவது, ட்ரோன் விடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். காக்கை முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அமெரிக்கக் காக்கைகளிடம் முகமூடி போட்டுச் சோதித்தே இதை நிறுவியிருக்கிறார்கள். ஒருமுறை பகையாகிவிட்டால் குஞ்சு பறந்த பிறகும் கிணற்றடிக்குப் போகவிடாது.

கிணற்றடியில் தலையில் தட்டுகிறது என்றால் குடை பிடித்துக்கொண்டு போ. காக்கை பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும், முகத்தைப் பார்த்தபடி நேருக்கு நேர் வருவது குறைவு. சித்திரை வைகாசியில் காக்கை தலையில் அடித்தால் சனி தோஷம் என்று விளக்குப் போடப் போகிறவர்கள் ஒருதரம் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தால் கூடு இருக்கும்.

பதில் 4: செம்மண்காடு

நாலாவது கேள்விக்கு. கொண்டை, மேலே கறுப்பு, அடியில் வெள்ளை, பறக்கும்போது இறக்கையில் வெள்ளைப் பட்டை, வால் நுனியில் வெள்ளை. அது சுடலைக்குயில். ஆம், அதுவும் அடுத்த வீட்டில் பிள்ளை வளர்க்கிற கூட்டம்தான், ஆனால் காக்கையிடம் போகாது. சிலம்பன் குருவிகள்தான் அதற்கு வளர்ப்புத் தாய். நம் பக்கம் தவிட்டுக்குருவி.

வடக்கே இந்தப் பறவையை மழைத் தூதன் என்பார்கள். அங்கே தென்மேற்குப் பருவமழையோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, குஞ்சு வளர்த்துத் திரும்பும் கூட்டம் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது உருவத்தில் சற்றுச் சிறிய, இங்கேயே தங்குகிற துணையினம். ஆகவே காரைக்குடியில் சுடலைக்குயிலைப் பார்த்துவிட்டு மழை வருமென்று நிலக்கடலை விதைத்துவிடாதீர்கள். நமக்கு மழை ஐப்பசியில்.

இது முட்டையிடும் விதம் முரட்டுத்தனமானது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வாழ்பவை, 7 முதல் 10 வரை ஒன்றாகத் திரியும், கூட்டை எல்லாம் சேர்ந்து காக்கும். பதுங்கி நுழைய நேரம் கிடைக்காது. சுடலைக்குயில் கூட்டின் விளிம்பில் அல்லது மேலே நின்றபடி அவசரமாக முட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடும். அதன் ஓடு கெட்டி. கீழே இருக்கும் தவிட்டுக்குருவி முட்டைதான் விரிசல் விடும். கூட்டில் நசுங்கிய முட்டை, ஒழுகிய மஞ்சள்கரு இருந்தால் ஓணான்தான் தின்றது என்று முடிவு கட்ட வேண்டாம். ஓணான் தின்றால் ஒழுகிய கரு இவ்வளவு மிஞ்சாது.

முட்டை நிறத்தில் இது காக்கைக் குயிலை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். தவிட்டுக்குருவி முட்டை மயில்துத்தக் கரைசல் போன்ற பளிச்சென்ற நீலம், ஒரு புள்ளி கிடையாது. சுடலைக்குயிலுடையதும் அதே நீலம். பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் பிரிப்பது கடினம். இதன் குஞ்சும் பொதுவாகத் தள்ளுவதில்லை. ஒரே கூட்டில் இரண்டு சுடலைக்குயில் குஞ்சு வளர்வதும் உண்டு.

நீங்கள் கேட்காத மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார், அக்காக்குயில். முந்திரிக் காடும் மாந்தோப்பும் உள்ள இடத்தில், வெயில் ஏறும் நாட்களில் ஒவ்வொரு கூவலுக்கும் குரல் ஒரு படி உயர்ந்து உயர்ந்து, உச்சியில் வெடித்து நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நிலா வெளிச்சத்தில் இரவெல்லாம்கூட விடாது. உருவம் அப்படியே வல்லூறு. சாம்பல் முதுகு, வாலில் பட்டை, நாலு தரம் இறக்கை அடித்துச் சறுக்கிப் போவதும் வல்லூறு மாதிரியே. அது கிளையில் வந்து அமர்ந்ததும் தோட்டத்துக் குருவிகள் எல்லாம் ஆபத்துச் சத்தம் எழுப்பி விலகும். அந்தக் கலவரம் கூட்டை நெருங்க அதற்கு உதவுகிறது என்று கருதுகிறார்கள். பிரித்தறிய அலகைப் பாருங்கள். வல்லூற்றுக்குக் கொக்கி அலகு, இதற்கு நீண்ட, சற்றே வளைந்த சாதாரண அலகு.

ரஸ்தாக்காரர் சொன்ன தள்ளிவிடும் குணம் நம் ஊரில் யாருக்கு என்றால் இந்த அக்காக்குயில் குஞ்சுக்கு. கூட்டுக்கு ஒரு முட்டைதான் இடும், அதுவும் நீலம். பொரிந்த குஞ்சு பெரும்பாலும் மற்றவற்றை வெளியேற்றிவிடும். எப்போதுமே என்று சொல்ல முடியாது, தவிட்டுக்குருவிக் குஞ்சுகளோடு சேர்ந்து வளர்ந்ததையும் 19ஆம் நூற்றாண்டிலேயே பறவை ஆய்வாளர் ஜெர்டன் எழுதியிருக்கிறார். வெளியே வந்த குஞ்சு ஏறக்குறைய ஒரு மாதம் கூட்டத்தின் பின்னால் கீ கீ என்று கரகரத்துக்கொண்டே போகும். தவிட்டுக்குருவிகள் முறை வைத்ததுபோல் அதற்கு ஊட்டும். தங்களைவிட வளர்ந்துவிட்டதே என்ற கவலையெல்லாம் அவற்றுக்கு இல்லை.

முருங்கைக்காரர்கள் இந்த இரண்டையும் விரட்டாதீர்கள். இரண்டும் கம்பளிப்புழு தின்பவை. அக்காக்குயில் தின்பதைக் கிட்டத்தில் பார்த்தால் விளங்கும். புழுவை ஒரு முனையில் கவ்வி, அலகால் நெடுக அழுத்திக்கொண்டே மறுமுனை வரை போகும். குடல் பச்சையாகப் பிதுங்கி வரும். அதைக் கிளையில் தேய்த்து உதறிவிட்டு வெறும் தோலை விழுங்கும். புழு தின்ற இலையின் நஞ்சு அந்தக் குடலில்தான் இருக்கும். சுணை முடி வயிற்றுக்குள் தனியாகத் திரண்டு, பின்னால் உருண்டையாக வெளியே வரும். மருந்து அடித்த மரத்தில் இந்த வேலை நடக்காது, புழுவும் இருக்காது, பறவையும் இருக்காது, அடுத்த ஈட்டுக்குப் புழு மட்டும் திரும்பி வரும்.

செம்போத்தையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். சேர்க்க வேண்டாம். குயில் குடும்பம்தான், ஆனால் தானே கூடு கட்டி, தானே அடைகாத்து வளர்க்கும்.

பதில் 5: பள்ளத்தூர் வளவு

எல்லோருக்கும் நன்றி. ஆளை நிறுத்தியாயிற்று. ஆச்சி சொன்னபடி காலைப் படம் எடுத்தேன். முன்னால் 2, பின்னால் 2. குயில்தான்.

இன்னொரு சிக்கல். சிறியதில் ஒன்று இன்று காலை கிணற்றடியில் விழுந்து கிடக்கிறது. உயிர் இருக்கிறது. குச்சி இறகுதான், நிற்க முடியவில்லை. நிழலில் ஒரு கூடையில் வைத்திருக்கிறேன். வீட்டில் பாலும் தண்ணீரும் ஊற்றலாமா என்கிறார்கள். மரம் ஏற ஆள் கிடைக்கவில்லை. நாம் தொட்டுவிட்டதால் தாய் சேர்க்காது என்பது உண்மையா?

பதில் 6: புதுவயல் அரவை மில்

பால், தண்ணீர் இரண்டும் வேண்டாம். வாயில் ஊற்றிய தண்ணீர்தான் விழுந்த குஞ்சுகளில் பலவற்றைக் கொல்கிறது. பறவைக்கு மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கும். ஊற்றினால் நேரே நுரையீரலுக்கு இறங்கும். பாலைச் செரிக்கும் சக்தியும் பறவைக்கு இல்லை.

தொட்டால் தாய் ஒதுக்கும் என்பது கட்டுக்கதை. காக்கை மணம் பார்த்துப் பிள்ளையை ஒதுக்குவதில்லை. தைரியமாகத் தொடலாம், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

முதலில் அடிபட்டிருக்கிறதா பாருங்கள். இறக்கை இரண்டும் ஒரே உயரத்தில் மடிந்திருக்க வேண்டும். ஒன்று தொங்கினால் எலும்பு முறிவு. மூக்கில் ரத்தம், ஒரு பக்கமாகச் சாய்வது, கழுத்துத் திருகுவது என்றால் உள்காயம். அப்படியானால் மரத்தில் வைத்துப் பயனில்லை. காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் பழைய வேட்டித் துணி விரித்து, இருட்டான இடத்தில் வைத்து, வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ தகவல் சொல்லுங்கள். பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் பயத்திலேயே செத்துவிடும்.

காயம் இல்லையென்றால் மாற்றுக் கூடு. நம் வீடுகளில் சீர் வைத்த பனையோலைக் கொட்டான் பரணில் சும்மாதான் கிடக்கும். ஒரு சாண் அகலமுள்ள பெரியதாக ஒன்றை எடுங்கள். அடியில் தண்ணீர் வடிய ஐந்தாறு துளை போடுங்கள். பாதி ஆழத்துக்கு வேப்பங்குச்சியும் அதன்மேல் தேங்காய் நாரும் வைத்துக் குழிவாக அழுத்துங்கள். வழவழப்பான துணி, பிளாஸ்டிக் தாள் எதுவும் விரிக்காதீர்கள், குஞ்சின் கால் இரண்டு பக்கமும் வழுக்கி விரிந்து ஊனமாகிவிடும். பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம், வெயிலில் அடுப்பாகிவிடும்.

அதே வேம்பில், கூட்டுக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாக, ஏணி எட்டும் உயரத்தில், கவட்டையில் வைத்து இரண்டு இடத்தில் கயிறு போட்டுக் கட்டுங்கள். 8 அடி உயரம் இருந்தாலும் போதும், பூனை தாவாத கிளையாகப் பாருங்கள். மேற்கு வெயில் நேரே விழக்கூடாது. ஏணியில் ஏறும்போது ஒருவர் கீழே குடையோடு நிற்கட்டும், காக்கை சும்மா விடாது. குஞ்சைக் கையில் எடுத்ததும் அது கத்தும், ஊர்க் காக்கை எல்லாம் கூடும். பதறாமல் வைத்துவிட்டு இறங்கி வீட்டுக்குள் போய்விடுங்கள். கொட்டான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் தாய் இறங்காது.

2 மணி நேரம் விட்டுப் பாருங்கள். பசித்த குஞ்சு கத்தும், கத்தினால் காக்கை வரும். சாயங்காலம் வரை யாரும் ஊட்டவில்லை என்றால்தான் வனத்துறை.

ஒன்று மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். விழுந்தது எதனால் என்றால், இடநெருக்கடியோ பட்டினியோ. காக்கை அதை ஏற்றுக்கொண்டாலும் பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. குயில் இல்லாத கூட்டிலும் கடைசிக் குஞ்சு பெரும்பாலும் தங்குவதில்லை. இதற்குப் பழி வாங்கக் குயில் குஞ்சைக் கீழே இறக்கிவிட வேண்டாம்.

பதில் 7: தேவகோட்டை ரஸ்தா

தள்ளிவிடும் குயில் வேறு என்பது புரிந்தது. ஆனாலும் ஒரு கேள்வி. குயிலால் காக்கைக்கு நட்டம் மட்டும்தானா?

பதில் 8: கண்மாய்க்கரை

நம் குயிலைப் பொறுத்தவரை நட்டம்தான். ஸ்பெயினில் வேறு ஒரு புள்ளிக் குயில் இனம் காக்கைக் கூட்டில் வளர்கிறது. அதன் குஞ்சைப் பிடித்தால் பின்னாலிருந்து சகிக்க முடியாத நாற்றத்தில் ஒரு நீரைப் பீய்ச்சும், பூனைகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எதிரிகள் மிகுந்த ஆண்டுகளில் அந்தக் குயில் குஞ்சு இருந்த காக்கைக் கூடுகள் மற்றவற்றைவிடத் தப்பின என்று 2014இல் ஆய்வு வந்தது. அதை இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. நம் குயில் குஞ்சு அந்த வேலை செய்வதாக யாரும் நிறுவவில்லை.

ஊருக்கு லாபம் வேறு வழியில். வளர்ந்த குயில் பெரும்பாலும் பழந்தின்னி. ஆல், அரசு, வேம்பு, நாவல், சந்தனம் என்று பழத்தை முழுசாக விழுங்கிச் சதையை மட்டும் எடுத்துக்கொண்டு பெரிய கொட்டையைக் கக்கிவிடும். நமக்கு நஞ்சான மஞ்சள் அரளிப் பழத்தைக்கூடத் தின்னும், ஒன்றும் ஆகாது. ஆனால் குஞ்சாக இருக்கையில் அது தின்பது காக்கை கொண்டு வருவதைத்தான். சோறு, பூச்சி, எலிக்குஞ்சு, கறித்துண்டு எதுவானாலும்.

பதில் 9: இரண்டாங்கட்டு ஆச்சி

அதனால்தான் சொல்கிறேன், வளவுக்காரத் தம்பி. நீ தினமும் காக்கைக்குச் சோறு வைப்பாய். குஞ்சு இருக்கும் இந்த மாதம் உப்புப் போட்ட பழைய சோறு, ஊறுகாய் எண்ணெய் படிந்த மிச்சம், காரக் குழம்புச் சாதம் எதையும் வைக்காதே. உப்பில்லாத வெறுஞ்சோறும், அவித்த முட்டையை உதிர்த்ததும் போதும். கூட்டுக்கு நேர் கீழே வைக்காதே, பூனை அங்கே பழகிவிடும். முகப்புப் பக்கம் சுவர்மேல் வை. அகலச் சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீரும் வை, தினமும் கழுவி மாற்று. தாய் தன் தொண்டையில் கொண்டுபோய் ஊட்டும் ஈரமே குஞ்சுக்குப் போதும்.

கொட்டான் கட்டியாயிற்றா? பகலில் ஓட்டுச் சூடு அந்தக் கிளைக்கு வரும். முகப்பிலிருந்து தள்ளி, கிணற்றுப் பக்கத்துக் கவட்டையில் கட்டு.

பதில் 10: பள்ளத்தூர் வளவு

கட்டியாயிற்று ஆச்சி, கிணற்றுப் பக்கம்தான், 9 அடி உயரத்தில். முக்கால் மணி நேரத்தில் காக்கை இறங்கி இரண்டு தடவை ஊட்டியது. மேலே கூட்டில் குயில் குஞ்சு இன்னும் பெரிதாகக் கத்துகிறது. கிளையைக் கயிறு போட்டு இழுத்துக் கட்ட நாளைக்கு ஆள் வருகிறார், மேல்கூட்டுக் கவட்டையைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.